தொப்பி போட்ட திருடனும் துடைப்பம் பிடித்த திருடனும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன மாதம் போன் செய்து, "அண்ணே, தலைப்பு என்ன போடட்டும்?" என்று கேட்டார். நான் வங்கியில் 34 வருஷம் இருந்தவன். அதில் கடைசி 11 வருஷம் இன்ஸ்பெக்ஷன் பிரிவு. ஆகவே 'வங்கித் துறையும் இன்றைய இளைஞர்களும்' என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். "திருடனைப் பத்திப் பேசப் போறேன்" என்றேன். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. "பேங்க் திருட்டா அண்ணே?" "இல்லப்பா, பிரெஞ்சுக்காரத் திருடன். சினிமாவில வர்றவன்." "சரிண்ணே, 'கலையும் வாழ்வும்'னு போட்டுடறேன்" என்று வைத்துவிட்டார். அழைப்பிதழில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. கலையை எதிர்பார்த்து வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

1974-ல் இந்தக் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்தபோது முதல் பகுதிக்குத் தமிழ் எடுக்காமல் பிரெஞ்சு எடுத்தேன். பிரான்ஸ் மேல் காதல் ஒன்றும் கிடையாது. பிரெஞ்சு எடுத்தால் மார்க்கை அள்ளலாம் என்று சீனியர்கள் சொன்னார்கள், அவ்வளவுதான். தமிழ்த் துறையினர் கோபிக்க வேண்டாம், அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் இன்று தமிழில் பேசுகிறேன். வகுப்பில் மொத்தம் பதினாலு பேர். முதல் வருஷம் முழுக்க 'இது மேஜை, அது நாற்காலி' என்றே போயிற்று. இரண்டாவது வருஷம் எங்கள் பேராசிரியர், மாணவர்களுக்காக எளிமைப்படுத்திய ஒரு கதைப் புத்தகத்தைக் கொண்டு வந்தார். நீல அட்டை. அதில்தான் அர்ஸேன் லூபினை முதலில் பார்த்தேன்.

லூபின் என்று நான் சொல்வது தப்பு. கடைசி எழுத்தை மூக்கால் பாதி முழுங்க வேண்டும். பேராசிரியர் சொல்லும்போது சரியாக வரும். நாங்கள் சொன்னால் ஜலதோஷம் பிடித்தவன் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். எனவே இன்று முழுவதும் லூபின் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

இந்தத் திருடனை உருவாக்கியவர் மொரீஸ் லெப்லான். ரூவான் நகரத்துக்காரர், 1864-ல் பிறந்தவர். 1905 ஜூலையில் 'ழெ ஸே தூ' என்ற பத்திரிகையில் முதல் கதை வந்தது. அந்தப் பெயருக்கு 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று அர்த்தம். பத்திரிகைக்காரர்கள் அந்தக் காலத்திலேயே அப்படித்தான்! கதை இதுதான். அட்லாண்டிக் கடலில் ஒரு கப்பல் போய்க்கொண்டிருக்கிறது. கம்பியில்லாத் தந்தியில் ஒரு செய்தி வருகிறது: உங்கள் கப்பலில் லூபின் இருக்கிறான், முதல் வகுப்பு, தனியாகப் பயணம் செய்கிறான், வலது முன்கையில் காயம், பெயர் 'ஆர்' என்ற எழுத்தில்... அதோடு தந்தி அறுந்துவிடுகிறது. கப்பல் முழுக்க பீதி. ஒருவரை ஒருவர் சந்தேகிக்கிறார்கள். நமக்குக் கதை சொல்கிற இளைஞனும் நெல்லி என்ற பெண்ணோடு சேர்ந்து, யார் அந்தத் திருடன் என்று தேடுகிறான். நியூயார்க்கில் கரை இறங்கும்போது கனிமார் என்ற கிழட்டுத் துப்பறிவாளர் காத்திருக்கிறார். நேராக வந்து கையைப் பிடிக்கிறார். யார் கையை? கதை சொன்னவன் கையை! 'நான், நான்' என்று இத்தனை பக்கம் நம்மோடு பேசிக்கொண்டு வந்தவன்தான் லூபின்.

அன்று வகுப்பில் அந்தக் கடைசிப் பக்கத்தைத் தட்டுத் தடுமாறி மொழிபெயர்த்தவன் நான். அர்த்தம் புரிந்ததும் பக்கத்தில் இருந்தவன் என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி, சரியாகத்தான் படித்தேனா என்று பார்த்தான். (அந்தப் பக்கத்து ஆசாமி இன்று மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.)

இப்போது திரைக்கு வருகிறேன். 1976-ல் பேராசிரியர் சென்னையிலிருந்து 16 எம்.எம். பிரதி ஒன்றை எப்படியோ வரவழைத்து, பிசிக்ஸ் காலரியில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டிப் படம் காட்டினார். 1957-ல் ஜாக் பெக்கர் இயக்கிய படம், லூபினாக ராபெர் லமூரே. ஆங்கில எழுத்து கீழே ஓடும். படத்தில் லூபின் ஒரு பெரிய மனிதர் வீட்டு விருந்தில் ஓவியங்களைக் கிளப்பிக்கொண்டு போகிறார். பிறகு ஜெர்மானியச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்மே அவரை அல்சாஸ் மலைக்கோட்டைக்கு வரவழைத்து, என் ரகசியப் பெட்டகம் எங்கே இருக்கிறது, கண்டுபிடி பார்க்கலாம் என்று சவால் விடுகிறார். கலர் படம். பெண்களின் கவுனும் ஆண்களின் கறுப்புக் கோட்டும், விளக்குகளும், பழைய மோட்டார் கார்களும்... பிசிக்ஸ் காலரியில் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது வேறு உலகம். நடுவில் இரண்டு தரம் பிலிம் அறுந்தது. விசில் அடித்தோம். முதல்வர் அறை வரைக்கும் கேட்டதாம்.

படம் முடிந்ததும் எனக்கு ஒரு குறை. பேராசிரியரிடமே கேட்டேன்: "சார், கதையில கடைசி வரைக்கும் அவன் யாருன்னே தெரியாது. படத்துல முதல் சீன்லயே தெரிஞ்சுடுதே?" அவர் புரொஜெக்டரைத் துடைத்துக்கொண்டே, "'நான்'னு சொல்றவனுக்குப் புத்தகத்துல மூஞ்சி வேண்டியதில்லை. கேமராவுக்கு மூஞ்சி வேணுமேப்பா" என்றார். அன்றைக்கு அது பெரிதாக மண்டையில் ஏறவில்லை. அப்புறம் வாழ்க்கை பூரா கிடைத்த லூபின் படங்களையெல்லாம் தேடிப் பார்த்தபோது, ஒவ்வொருவரும் அந்த மூஞ்சிப் பிரச்சினையோடு மல்லுக்கட்டியிருப்பது தெரிந்தது.

ஒளித்து வைக்க முடியாத முகத்துக்குப் பெரும்பாலானவர்கள் கண்டுபிடித்த வழி, உடுப்பு. நீளத் தொப்பி, ஒற்றைக் கண்ணாடி, தோளில் கறுப்பு அங்கி, வெள்ளைக் கையுறை. 1932-ல் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். எடுத்த படத்தில் ஜான் பாரிமோர் ஒரு பிரபுவாக வருவார். துரத்துகிற துப்பறிவாளராக லயனல் பாரிமோர். நிஜத்தில் இருவரும் அண்ணன் தம்பி. லயனல்தான் மூத்தவர். இருவரும் எதிரெதிரே நின்று பேசுகிற காட்சிகளுக்காகவே அந்தப் படத்தைப் பார்க்கலாம். 1962-ல் ழான்-குளோத் பிரியாலியும் ழான்-பியேர் கசெலும் நடித்த ஒரு படம் வந்தது. 1971 முதல் 1974 வரை பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஜார்ஜ் தெக்ரியேர் 26 அத்தியாயங்களில் நடித்தார். பிரான்ஸில் என் வயதுக்காரர்களுக்கு லூபின் என்றால் அவர் முகம்தான். ஜப்பான்காரர்கள் 1967-ல் லூபினுக்கு ஒரு பேரனையே படைத்து, சித்திரக் கதையாகப் போட்டு, பிறகு கார்ட்டூன் படமாகவும் எடுத்துத் தள்ளினார்கள். மியாசாகி முதன்முதலில் இயக்கிய முழுநீளப் படம், 1979-ல் வந்தது, அந்தப் பேரனைப் பற்றியதுதான். லெப்லான் குடும்பத்தின் உரிமைத் தகராறால் பிரான்ஸிலேயே அந்தப் பேரனுக்கு எட்கார் என்று பெயர் மாற்ற வேண்டி வந்தது. தாத்தா பெயரைப் பேரன் திருடிவிட்டான் என்று வழக்கு!

நம் பிள்ளைகள் சிலர் 'மலைக்கள்ளன்' மாதிரியா, 'ஜென்டில்மேன்' மாதிரியா என்று கேட்பார்கள். இல்லை. லூபின் ஏழைகளுக்கு அள்ளிக் கொடுக்கக் கிளம்பியவன் அல்ல. பணக்காரன் வீட்டில் புகுந்து, இங்கே இருப்பது போலிச் சாமான், நல்ல சாமான் வாங்கி வைத்த பிறகு வருகிறேன் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகிறவன். திமிர் பிடித்தவன். அதனால்தான் பிடிக்கும்.

1932 படத்தில் லூபின் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து மோனலிசா ஓவியத்தையே கொண்டுபோய் விடுகிறான். சீமான், மாலை உடுப்பு, நாசூக்கான திருட்டு. ஆனால் மோனலிசா நிஜமாகவே களவு போன கதை வேறு. 1911 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை, அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. வின்சென்ஸோ பெருஜா என்ற இத்தாலியத் தொழிலாளி, அங்கே ஓவியங்களுக்குக் கண்ணாடி போடும் வேலை செய்தவர், வேலைக்காரர்கள் போடுகிற வெள்ளை அங்கியோடு உள்ளே இருந்தார். சுவரிலிருந்து எடுத்தார், சட்டத்தைக் கழற்றினார், வெளியே போய்விட்டார். படம் இல்லை என்பதே மறுநாள்தான் தெரிந்தது. போட்டோ எடுக்கக் கொண்டுபோயிருப்பார்கள் என்று காவலர்கள் நினைத்துக்கொண்டார்களாம். போலீஸ் கவிஞர் அப்பொலினேரைப் பிடித்து உள்ளே போட்டது, பிக்காஸோவைக் கூப்பிட்டு விசாரித்தது. பெருஜாவையும் விசாரித்தார்கள், ஒன்றும் தோன்றாமல் விட்டுவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஓவியம் அவரிடமே இருந்தது. 1913 டிசம்பரில் ஃபுளோரன்ஸ் நகரில் விற்கப் போனபோதுதான் மாட்டினார்.

ஹாலிவுட் அந்தத் திருட்டை எடுத்துக்கொண்டு அந்த வெள்ளை அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, திருடனுக்குப் பிரபுவின் கோட்டைப் போட்டுவிட்டது. வசூலுக்கு அது நல்லது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் என் உத்தியோக அனுபவத்தில், இரண்டு உடுப்புமே வேலை செய்யும்.

நான் இன்ஸ்பெக்ஷனுக்கு மாறிய புதிதில் ஒரு கிளைக்குப் பஸ்ஸில் போய் இறங்கினேன். வழியில் செருப்பு வார் அறுந்து, பக்கத்துக் கடையில் ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டிருந்தேன். வாசல் காவலாளி, "கியூல உக்காருய்யா" என்று பெஞ்சைக் காட்டினார். சரி, எப்படித்தான் நடக்கிறது பார்ப்போம் என்று நானும் உட்கார்ந்தேன். சஃபாரி சூட் போட்ட ஒருவர் காரில் வந்தார். காவலாளி சல்யூட் அடித்தார். அவர் நேரே மேனேஜர் அறைக்குள் போனார். மேனேஜர் எழுந்து நின்றார். காபி போயிற்று. நாலு நாள் கழித்து ஃபைல்களைப் புரட்டும்போது தெரிந்தது, அந்த சஃபாரி சூட் ஒரே நிலத்தின் பத்திரத்தைத் தயாரித்துத் தயாரித்து மூன்று வங்கிகளில் அடமானம் வைத்திருந்தது. பத்திரத்தை யாரும் சரியாகப் படிக்கவில்லை. சூட்டைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அன்று இரவு லாட்ஜில் படுத்துக்கொண்டு, லெப்லானின் கப்பலை நினைத்துச் சிரித்தேன். தந்தியில் முதல் வகுப்பு என்று வராவிட்டால் கீழ்த்தளத்தில் இருந்தவர்களைத்தானே முதலில் சோதனை போட்டிருப்பார்கள்?

2021 ஜனவரி 8. கொரோனா காலம். வெளியே போக வழியில்லை. என் மகள் லேப்டாப்பை முன்னால் வைத்து, "அப்பா, உங்க ஆள் வந்திருக்கார்" என்றாள். நெட்ஃபிளிக்ஸில் 'லூபின்' தொடர், முதலில் ஐந்து அத்தியாயம். தொப்பியைத் தேடினேன். தொப்பி இல்லை. ஆறே கால் அடி உயரத்தில் ஒரு கறுப்பின மனிதர், சுத்தம் செய்யும் தொழிலாளியின் உடுப்பில், இரவு நேரத்தில் லூவருக்குள் போகிறார்.

நடிகர் ஓமர் ஸீ. 1978-ல் பிறந்தவர். பெற்றோர் செனெகல், மொரிட்டேனியா நாடுகளிலிருந்து பிரான்ஸுக்குப் போனவர்கள். தொடரில் அவர் லூபின் அல்ல. அஸான் தியோப் என்ற பெயர். சின்ன வயதில் அப்பா கொடுத்த லூபின் புத்தகத்தைப் படித்துப் படித்து, அதில் உள்ள வித்தைகளை இன்றைய பாரிஸில் செய்து பார்க்கிறவர். முதல் அத்தியாயத்தில் லூவரில் ஒரு வைர நெக்லஸ் ஏலம் வருகிறது, மரி ஆந்துவானெத் ராணியின் நெக்லஸ். அதைத் திருட இவர் போடும் திட்டத்தில் இரண்டு வேஷம். ராத்திரி துடைப்பமும் தள்ளுவண்டியும். ஏல நாளன்று, விலையுயர்ந்த சூட் போட்ட கோடீஸ்வரர், பெயர் போல் ஸெர்னின். (அந்தப் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் அர்ஸேன் லூபின் வரும். லெப்லானே செய்த விளையாட்டு அது.) கோடீஸ்வரராக நெக்லஸை மாற்றுகிறார், குப்பைத் தொட்டியில் போடுகிறார், அப்புறம் துப்புரவுத் தொழிலாளியாக வந்து குப்பையை எடுத்துக்கொண்டு போகிறார். அதே ஆள், அதே உயரம், அதே முகம். ஒட்டு மீசைகூடத் தேவைப்படவில்லை. துடைப்பம் பிடித்தவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் அவன் கணக்கு.

எங்கள் பேராசிரியர் சொன்ன மூஞ்சிப் பிரச்சினைக்கு எனக்குத் தெரிந்து முதல் தடவையாகச் சரியான விடை கிடைத்தது அங்கேதான். பார்க்கிற நமக்கு முகம் தெரிகிறது. கதைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவர்கள் பார்க்கவே இல்லை.

இது சினிமாவுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். தொடர் வெளியான சமயம் ஓமர் ஸீ, போஸ்டர் ஒட்டுகிற தொழிலாளி மாதிரி உடுத்திக்கொண்டு, முகக்கவசத்தோடு பாரிஸ் மெட்ரோ நிலையத்தில் நின்று தன் தொடரின் போஸ்டரைத் தானே ஒட்டினார். பிரான்ஸில் அவரைத் தெரியாதவர் கிடையாது, 2012-லேயே அந்த நாட்டின் சேஸார் விருதில் சிறந்த நடிகர். சுவரில் அவர் முகம் ஆளுயரத்துக்கு. ஏணியில் அவரே. ஜனங்கள் பாட்டுக்குக் கடந்து போனார்கள். விளம்பரத்துக்காகப் படம் பிடித்ததுதான், இருந்தாலும் கடந்து போனவர்கள் நிஜம்.

இந்த நெக்லஸ் சமாச்சாரம் தொடர் எழுதியவர்கள் புதிதாகக் கற்பித்தது அல்ல. லெப்லானின் ஆரம்பக் கதைகளில் ஒன்று 'ராணியின் நெக்லஸ்'. சீமாட்டி வீட்டிலிருந்து நெக்லஸ் மறைகிறது. கதவு பூட்டியபடி இருக்கிறது. சந்தேகம் ஆன்ரியெத் என்ற பெண் மேல் விழுகிறது. சீமாட்டியோடு சேர்ந்து படித்தவள், ஒரு தொழிலாளியைக் கட்டிக்கொண்டதால் வீட்டார் கைவிட்டு, இப்போது சீமாட்டி வீட்டு முற்றத்தை ஒட்டிய ஓர் அறையில் ஏறக்குறைய வேலைக்காரியாக இருக்கிறாள். கூட ஆறு வயசுப் பையன். நிரூபிக்க முடியவில்லை. பிறகு வெளியே அனுப்பி விடுகிறார்கள். வருஷங்கள் கழித்து விருந்துக்கு வந்த ஒரு கனவான், அந்தத் திருட்டை எப்படிச் செய்திருக்க முடியும் என்று சிரித்துக்கொண்டே விளக்குகிறார். பெரியவர்கள் யாரும் நுழைய முடியாத சின்ன ஜன்னல் வழியே ஒரு குழந்தை நுழைய முடியும். அந்தக் குழந்தைதான் இந்தக் கனவான். லூபின் செய்த முதல் திருட்டு அது, தன் தாயை அவமானப்படுத்திய வீட்டில்.

ஹாலிவுட்காரர்கள் இந்தப் பையன் பக்கமே போகவில்லை. 2004-ல் ரொமேன் துய்ரிஸ் நடித்த பிரெஞ்சுப் படம் இந்தப் பையனிடம்தான் ஆரம்பிக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் அரைமணி போவதற்குள் புதையல், மாயக்காரப் பெண் என்று எங்கெங்கோ ஓடிப்போய்விட்டது. ஓமர் ஸீ தொடர்தான் அந்தப் பையனைக் கடைசி வரை கைவிடவில்லை. அதில் தாய்க்குப் பதில் தகப்பன். பாபகார், செனெகலிலிருந்து வந்தவர், பெல்லெக்ரினி என்ற பணக்காரர் வீட்டு டிரைவர். நெக்லஸ் காணாமல் போகிறது. பழி அவர் மேல். சிறையில் இறந்து போகிறார்.

அதில் ஒரு காட்சி. மழை. பணக்காரர் மனைவியின் கார் நின்றுபோய் விடுகிறது. பாபகார் உதவி செய்யலாம் என்று கிட்டே வந்து கண்ணாடியைத் தட்டுகிறார். உள்ளே இருக்கிற அம்மாள் முதல் காரியமாகக் கதவுகளைப் பூட்டுகிறாள். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் காட்சி. நான் லேப்டாப்பை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். மகள் என்னப்பா என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

இதை நான் இங்கே சொல்ல வேண்டுமா என்று நேற்று ராத்திரி வரை யோசித்தேன். என்னோடு ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கே தெரியாது. என் அம்மா ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தார். மாதம் 40 ரூபாய். எனக்குப் பதினோரு வயது. பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே போய்ப் பின்கட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடம் எழுதுவேன். 1967 என்று ஞாபகம். அந்த வீட்டில் ஒரு ரெட்டைவடச் சங்கிலி காணாமல் போயிற்று. நீதான் எடுத்தாய் என்று யாரும் சொல்லவில்லை. மரியாதையான குடும்பம். "எல்லாரையும் பாக்கறோம், நீயும் காட்டிடு" என்றார்கள். அம்மா முந்தானையை உதறிக் காட்டினார், சுருக்குப் பையைக் கவிழ்த்துக் காட்டினார். அப்புறம் அந்த வீட்டுக்காரர் என் புத்தகப் பையை வாங்கித் திண்ணையில் கொட்டினார். நோட்டுகள், காம்பஸ் பெட்டி, பாதி கடித்த கொய்யாப்பழம். கொய்யாப்பழம் அவர்கள் தோட்டத்து மரத்தில் பறித்தது. அதை அவர் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். எனக்கு இன்றைக்கும் அந்தக் கொய்யாப்பழம்தான் ஞாபகம் வருகிறது, சங்கிலி இல்லை.

நாலாம் நாள் சங்கிலி தலையணை உறைக்குள் கிடைத்துவிட்டது. வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அம்மா போகவில்லை. வாசலில் இட்லிக் கடை போட்டார். அந்த இட்லிதான் என்னை இந்தக் கல்லூரிக்கு அனுப்பியது.

2021-ல் அம்மாவுக்கு 84 வயது, எங்களோடுதான் இருந்தார். தொடரைப் பார்க்கக் கண் ஒத்துழைக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் லெப்லானின் அந்தப் பழைய கதையை முழுக்கச் சொன்னேன். கதையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வெளியேற்றப்பட்ட ஆன்ரியெத்துக்கு யாரோ பெயர் சொல்லாமல் தபாலில் பணம் அனுப்புகிறார்கள். மகன் வேலைதான், அவளுக்குத் தெரியாது. சீமாட்டிதான் மனம் இரங்கி அனுப்புகிறாள் என்று நினைத்து, அவளுக்கே நன்றி சொல்லிக் கடிதம் எழுதுகிறாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டார். திருட்டு எப்படி நடந்தது என்பதில் அவருக்கு அக்கறை இல்லை.

"அந்தச் சீமாட்டி, தப்பா நெனச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாளா?"

"இல்லம்மா."

"இவ நன்றி வேற எழுதினாளாக்கும்" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைப் பெட்டியை எடுக்கச் சொன்னார். மறு வருஷம் அம்மா போய்விட்டார்.

தொடரில் குறைகள் இல்லாமல் இல்லை. பாரிஸ் போலீஸில் குவெதிரா என்ற ஒரே ஒருவருக்குத்தான் இதெல்லாம் லூபின் கதை மாதிரி இருக்கிறதே என்று தோன்றுகிறது. மற்றவர்கள் அவரைக் கேலி செய்கிறார்கள். பிரான்ஸில் லூபின் படிக்காத போலீஸ்காரர்களை ஒரே நிலையத்தில் எப்படிச் சேர்த்தார்கள் என்று தெரியவில்லை! முதல் தவணை எத்ரெத்தா கடற்கரையில் முடிகிறது. கடலுக்குள் ஊசி மாதிரி நிற்கும் சுண்ணாம்புப் பாறை. அந்தப் பாறைக்கு உள்ளே குடைவு இருப்பதாக வைத்து லெப்லான் 1909-ல் ஒரு நாவல் எழுதினார். அவர் வாழ்ந்த வீடு அந்த ஊரில் அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்தக் காட்சி பிரமாதம். 2021 ஜூனில் வந்த இரண்டாம் தவணையும் பரவாயில்லை. 2023 அக்டோபரில் வந்த மூன்றாம் தவணை ஏழு அத்தியாயத்தில் அஸானின் தாயைக் கொண்டு வந்து, அவரைக் கடத்தவும் வைத்துவிட்டார்கள். அது எனக்கு ஒட்டவில்லை. அம்மா சென்டிமென்ட் எது, எது இல்லை என்று தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவனுக்குத் தெரியாதா?

2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை, நண்பர்கள் ஆளாளுக்கு எனக்குப் போன். "லூவர்ல உன் ஆள் கைவரிசை காட்டிட்டான் பாத்தியா?" காலை ஒன்பதரை மணி, சாமான் ஏற்றுகிற ஏணி லாரி ஒன்றைச் சுவரோரம் நிறுத்தி, முதல் மாடி ஜன்னல் வழியாக அப்பொல்லோ கூடத்துக்குள் நுழைந்து, சில நிமிஷங்களில் எட்டு அரச நகைகளோடு இறங்கிப் போனார்கள். மதிப்பு 88 மில்லியன் யூரோ என்று அறிவித்தார்கள். ஒரு மகாராணியின் கிரீடத்தைப் போகிற அவசரத்தில் கீழே போட்டு நசுக்கிவிட்டார்கள். வெட்டும் மெஷினைக் காட்டிக் காவலர்களை மிரட்டினார்கள். நம் ஆள் மிரட்ட மாட்டான், கிரீடத்தையும் நசுக்க மாட்டான். ஆனால் அவர்கள் போட்டிருந்தது என்ன? ரோடு வேலை, கட்டட வேலை செய்பவர்கள் போடுகிற மஞ்சள் சட்டை. 1911-ல் வெள்ளை அங்கி, 2025-ல் மஞ்சள் சட்டை. அந்த ஏணி லாரியைப் பார்த்தவர்களெல்லாம் ஏதோ வேலை நடக்கிறது என்று போயிருப்பார்கள்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு விஷயம் பாக்கி. ஆரம்பத்தில் நீல அட்டைப் புத்தகம் ஒன்றைச் சொன்னேன். 1977 ஏப்ரலில் பிரெஞ்சுத் துறை அலமாரியிலிருந்து, பரீட்சைக்குப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று எடுத்துப் போனேன். தரவில்லை. கல்லூரி முத்திரை இரண்டாம் பக்கத்தில் இன்னும் தெளிவாக இருக்கிறது. பதினோரு வருஷம் ஊரார் கணக்கைத் தணிக்கை செய்தவன் வீட்டில் இது இருந்திருக்கிறது. அந்தக் காலத்து அபராதம் நாளுக்கு ஐந்து காசு. 49 வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 895 ரூபாய் சொச்சம் வருகிறது. முழுசாக ஆயிரமாகக் கவரில் வைத்திருக்கிறேன். புத்தகத்தையும் கவரையும் முதல்வர் அவர்கள் பெற்றுக்கொள்ள வேண்டும். ரசீது வேண்டும் சார், இன்ஸ்பெக்ஷன்காரன் பழக்கம்.